மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் செல்லுமா?

டெல்லி லோதி ரோட்டில், வானிலைத் துறையின் மௌசம் பவன் வளாகத்துக்கு 1989 வாக்கில் கிரே எக்ஸ்எம்பி-14 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. இந்தியா கேட்டது அதைவிடப் பெரிய மாடல். அமெரிக்கா அதைத் தர மறுத்ததோடு, கொடுத்த மெஷினையும் வானிலைக் கணிப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டது. இரண்டு அரசுகள் பேசி முடித்த பேரம் என்பதால் கட்டு எங்கே விழுகிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இன்று எந்த மெஷினில் எந்த மென்பொருள் ஓடலாம் என்ற கட்டு, யாரும் படிக்காமல் ‘சம்மதம்’ என்று சொடுக்கிவிட்டுப் போகும் உரிம வாசகத்துக்குள் இருக்கிறது. தகராறு வரும்போதுதான் அதைத் தேடிப் படிக்கிறோம்; அப்போதும் எல்லா நிபந்தனைகளையும் ஒரே கண்ணால் படித்துவிடுகிறோம். விலையைக் கணக்கிடுவதற்காக எழுதிய நிபந்தனை வேறு, வாங்கியவர் மெஷினை மாற்றவிடாமல் தடுக்கும் நிபந்தனை வேறு. முன்னதை எழுதியபடியே மதிக்கலாம். பின்னதற்கு எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கித்தான் பொருள்கொள்ள வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் விண்டோஸை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் ஓஇஎம் என்று சொல்லும் இந்த உரிமம் தனியாக வாங்குவதைவிட மலிவு; ஆனால் அந்த ஒரு மெஷினோடு பிறந்து அதோடு முடிவது. சரி, மெஷின் என்பது எது? ரேம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எதை மாற்றினாலும் அது பழைய மெஷின்தான். மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் மதர்போர்டுதான் மெஷின். வேகம் கூட்டுவதற்காக அதை மாற்றினால் அது புதுக் கம்ப்யூட்டர், புது உரிமம் வாங்க வேண்டும். பழுதாகி மாற்றினால் பழைய உரிமமே செல்லும். கேபினெட் அதே, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அதே, உள்ளே உட்காரும் போர்டுகூட ஒரே மாடலாக இருக்கலாம். உரிமத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது மாற்றியதற்கான காரணம். சர்வீஸ் இன்ஜினீயர் ‘போர்டு பழுது’ என்று எழுதித் தரும் சீட்டை அலுவலகங்கள் பத்திரப்படுத்துவது நல்லது. எழுதிய நிறுவனமே தன் நிபந்தனையை எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பதில்லை, நோக்கத்தையும் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் சங்கதி வேறு. பிராசசர் எண்ணிக்கையை வைத்து அது கட்டணம் போடுகிறது. அது விலைக் கணக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. விஎம்வேர் போன்றவை உருவாக்கும் மெய்நிகர் சர்வர்கள் வந்த பிறகு, மென்பொருள் ஒரு சர்வரில்தான் ஓடினாலும், அது நகர்ந்து போகக்கூடிய மற்ற சர்வர்களுக்கும் சேர்த்துக் காசு கேட்பதில்தான் சிக்கல். இதற்கு ஆரக்கிள் காட்டும் ஆவணம், தான் எந்த ஒப்பந்தத்தின் பகுதியும் அல்ல என்று தன்னிலேயே சொல்கிறது. 2015இல் மார்ஸ் நிறுவனம் இந்த வகைத் தகராறோடு கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் போனது. தீர்ப்பு வருமுன்பே வழக்கு முடிந்துபோனது.

மெஷினோடு கட்டும் நிபந்தனை, விலைக்கான நிபந்தனை என்ற இந்த இரண்டு வகையையும் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் பார்த்துவிட்டது. மெஷினோடு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஓஇஎம் கட்டு, ஒருமுறை விற்ற பிரதியை அதற்கடுத்து வாங்குபவர்களைக் கட்டாது என்று 2000இல் சொன்னது. குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெற்ற மென்பொருளை அதிகத் திறனுள்ள கணினிக்கு மாற்றினால் கூடுதல் கட்டணம் கேட்பது செல்லும் என்று 2002இல் சொன்னது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவிலும் மெஷினை மாற்றிக்கொள்வதற்கு இடம் இருக்கிறது. முறைப்படி பிரதி வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்துவதற்காக நகலெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது. ‘அந்த மெஷினில் ஓடுவதே நோக்கம்’ என்று விற்பவர் வாதாடலாம். ஆனால் கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும்தான் மென்பொருள் வாங்குகிறோம், ஒரு மதர்போர்டைத் திருப்திப்படுத்த அல்ல. மாற்றியது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு. திருட்டுப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள் சிறை. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

மலிவு விலைக்கு ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள் என்பது வலுவான எதிர்வாதம். ஒரே மென்பொருளை வெவ்வேறு உரிமங்களில் வெவ்வேறு விலைக்கு மைக்ரோசாஃப்ட் விற்கிறது என்ற புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2011இல் ஏற்க மறுத்தது. சலுகை விலைக்கு ஈடாகச் சில உரிமைகளை விட்டுக்கொடுப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எதை விட்டுக்கொடுத்தோம் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தெளிவில்லாத இடத்தில் எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வது காப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்களுக்குப் பழகிய வழிதான். இரு தரப்பும் பேசி எழுதிய வணிக ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்பார்கள். சொடுக்கி ஏற்கும் உரிமத்தில் பேசியது யார்? தன் மெஷினில் மட்டுமே மேக் ஓஎஸ் ஓட வேண்டும் என்று ஆப்பிள் 2011இல் மேல்முறையீட்டிலும் வென்றதை எடுத்துக்காட்டுபவர்கள், எதிரே நின்ற சைஸ்டார், கம்ப்யூட்டர்களில் மேக் ஓஎஸ்ஸைப் பதித்து வியாபாரம் செய்த நிறுவனம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லோதி ரோட்டின் சிஜிஓ வளாகத்தில் இருக்கும் மின்னணுத் துறை 2015இல் திறந்த மூலக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி, மின்னாளுகைப் பணிகளுக்கான டெண்டரில் திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்கச் சொல்ல வேண்டும். அதை ஒதுக்கும் நிறுவனம் காரணம் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட தயாரிப்போடு உரிமத்தைக் கட்டக் கூடாது என்பது திறந்த மூல வரையறையின் விதிகளில் ஒன்று. மூடிய மென்பொருளையே வாங்க நேர்ந்தாலும் அதே டெண்டரில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மெஷினை மாற்றினால் இந்த உரிமம் செல்லுமா, செல்லும் உரிமத்துக்கு விலை எவ்வளவு?