தமிழ்நாட்டின் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம்

அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் என்பது, ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரிக்காமல், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் நியாயவிலைக் கடைகள் வழியாக அரிசியும் வேறு சில உணவுப்பொருள்களும் வழங்கும் தமிழ்நாட்டு அரசின் ஏற்பாடாகும். மக்கள் வழக்கில் இது ரேஷன். விலைவாசி உயரும்போது சட்டமன்ற உறுப்பினர்களால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் முதன்மையான விடை இதுதான். மாநிலத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளும் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகளும் உள்ளன. கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. பொருள்களைக் கொள்முதல் செய்து கடைவரை கொண்டு சேர்ப்பது 1972இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்.

நெல் விளையும் ஊருக்கு ரேஷன் அரிசி எதற்கு?

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள பேரூராட்சி ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த தலமாகவும் நவதிருப்பதிகளுள் ஒன்றாகவும் பலரும் இதை அறிவர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களால் இவ்வட்டாரத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. இப்படிப்பட்ட ஊரில் ரேஷன் கடைமுன் வரிசை நிற்பது வெளியூர்க்காரருக்கு வியப்பாக இருக்கலாம்.

வயலில் இறங்கி வேலை செய்பவர் எல்லாரும் வயலுக்குச் சொந்தக்காரர் அல்லர். முன்பு அறுப்புக் கூலியை நெல்லாகவே அளந்து கொடுத்தார்கள். நெல் விலை ஏறினால் அந்தக் கூலியின் மதிப்பும் கூடவே ஏறியது. கூலி பணமாக மாறிய பிறகு நிலை தலைகீழாயிற்று. நெல் விலை ஏறும்போது நிலக்காரருக்கு வரவு கூடுகிறது, நடவு நட்டவருக்குச் செலவு கூடுகிறது. நாற்று நட்ட கைகளே கடையில் அரிசி வாங்குகின்றன.

மாவட்டத்தின் மற்ற தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். தூத்துக்குடி உப்பளங்களில் மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இராது. கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோகும் மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டும். தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மூன்று மாதத்தை 5,000 ரூபாயில் தள்ளுவது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு, மாதந்தோறும் கிடைக்கும் அரிசியின் அருமை புரியும்.

1967 முதல் 2011 வரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு தொடங்கியது. 1952இல் முதலமைச்சரான இராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். 1960களின் நடுவில் மீண்டும் அரிசித் தட்டுப்பாடு. இந்திய உணவுக் கழகம் தோன்றியது அப்போதுதான். 1965 ஜனவரியில் அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

1967 தேர்தலில் அரிசி விலை பெரும் பிரச்சினையாயிற்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது இலக்கு, ஒரு படியாவது உறுதி என்று சொல்லித் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அண்ணா அவ்வாண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கினார். நிதி இடம் கொடுக்கவில்லை. திட்டம் மாநிலம் முழுவதும் விரியாமல் நின்றது. ஆனாலும் அரிசி விலைக்கு ஆட்சியாளர் பொறுப்பாளி என்ற எண்ணம் தமிழ்நாட்டு அரசியலில் வேரூன்றிவிட்டது. பின்னால் வந்த எந்த ஆட்சியும் அதிலிருந்து விலக முடியவில்லை.

2006 ஜூனில் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாயாயிற்று. அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி 2008 செப்டம்பர் 15 முதல் 1 ரூபாய். 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி. இடையில் 2007இல், பருப்பு விலையும் எண்ணெய் விலையும் ஏறிய நேரத்தில், சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்ற பெயரில் துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு, பாமாயில் ஆகியவை மானிய விலையில் சேர்க்கப்பட்டன. 2015இல் வெளிச்சந்தையில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோதும் ரேஷன் கடையில் அது 30 ரூபாய்தான்.

பிரிக்க மறுத்த முடிவு

1997 ஜூனில் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை இலக்கு சார்ந்த திட்டமாக மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் குறைந்த விலை, மற்றவர்களுக்கு ஏறக்குறைய அடக்க விலை. பெரும்பாலான மாநிலங்கள் இதை ஏற்றன. தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. ஒன்றியத் தொகுப்பிலிருந்து குறைந்த விலைக்கு வரும் அரிசி எல்லாருக்கும் போதாது. மீதிக்கான செலவை மாநிலமே ஏற்றது.

பணக்காரருக்கும் எதற்கு மலிவு அரிசி என்ற கேள்வி நியாயமானதே. அதற்கான விடை, கோட்டை எங்கே வரைவது என்ற இடத்தில் இருக்கிறது. ஓர் உப்பளத் தொழிலாளியின் வீட்டுக்குக் கணக்கெடுப்பவர் மார்ச் மாதம் போனால் அவர் கோட்டுக்கு மேலே இருப்பார். நவம்பரில் போனால் கீழே கிடப்பார். கூரை ஓடா, ஓலையா என்று பார்த்துப் பட்டியல் எழுதினால், கடன் வாங்கி ஓடு போட்டவர் விடுபட்டுப்போவார். ஏழையல்லாத ஒருவர் பட்டியலில் சேர்ந்தால் அரசுக்குப் பண இழப்பு. ஏழை ஒருவர் விடுபட்டால் அந்த வீட்டில் பட்டினி. இரண்டையும் ஒரே எடையாகக் கருத முடியாது.

வேறொரு பயனும் உண்டு. எல்லாரும் வாங்கும் கடையில் அரிசி நாறினால் குரல் கொடுக்கவும் ஆள் இருக்கும். 2011இல் ஒன்பது மாநிலங்களில் நடந்த பொது விநியோகக் கள ஆய்வில் பங்கேற்ற ழான் திரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள், நன்றாக இயங்கும் மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாட்டைச் சுட்டினர்.

இந்தக் கொள்கை நீதிமன்றத்திலும் கேள்விக்கு உள்ளாயிற்று. 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், விலையில்லா அரிசி வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களோடு நிற்க வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டது. 2019 ஜனவரியில் பொங்கல் பரிசான 1,000 ரூபாயை எல்லா அட்டைக்கும் வழங்க அதே நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டொரு நாளிலேயே அது தளர்த்தப்பட்டு, அரிசி அட்டைதாரர் அனைவருக்கும் வழங்க அனுமதி கிடைத்தது.

சட்டமா, ஒதுக்கீடா?

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. தமிழ்நாட்டின் விலையில்லா அரிசி தனிச் சட்டத்தால் வந்தது அன்று. சட்டமன்றம் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்குகிறது. கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை அவையில் விவாதிக்கப்பட்டு நிறைவேறுகிறது. அரசாணைகள் வழியாக அது நடைமுறைக்கு வருகிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் உணவு மானியத்துக்கு 10,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதிலிருந்து வேறானது. அது உரிமை தரும் சட்டம். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. தர இயலாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். நாட்டு அளவில் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினரையும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினரையும் சட்டம் உள்ளடக்கியது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வரம்போ மொத்தத்தில் பாதியை ஒட்டியதுதான். நகரமயமாதலும் வறுமைக் குறைவும் இங்கே எதிராக வேலை செய்தன. இதை ஜெயலலிதா எதிர்த்துவந்தார். இறுதியில் 2016 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வரம்புக்குள் வராதவர்கள் முன்னுரிமையற்றோர் எனப்பட்டாலும், அரிசி அட்டை வைத்திருந்தால் அவர்களுக்கும் 20 கிலோ வரை அரிசி உண்டு. அட்டையில் சுருக்கமாக அச்சாகியிருக்கும் எழுத்துகள் ஒரு குடும்பத்துக்கு வரும் அரிசியின் செலவை ஒன்றியம் ஏற்கிறதா, மாநிலம் ஏற்கிறதா என்பதைக் குறிக்கின்றன. வாங்கும் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாக வேண்டிய தேவையும் இல்லை.

ஒதுக்கீட்டால் வந்த சலுகைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைத் திரும்பப் பெறவும் சட்டத் திருத்தம் வேண்டாம். 2017இல் உளுத்தம் பருப்பு வழங்கல் நின்றது. அவ்வாண்டு ஒன்றிய அரசு அந்தியோதயா அட்டைகள் தவிர மற்றவற்றுக்குச் சர்க்கரை மானியத்தை நிறுத்தியதும், நவம்பர் முதல் சர்க்கரை கிலோ 13.50 ரூபாயிலிருந்து 25 ரூபாய்க்கு ஏறியது.

பொருளா, பணமா?

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். இங்கே கோடு உண்டு: ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நிலம் 5 ஏக்கர் நன்செய் அல்லது 10 ஏக்கர் புன்செய்க்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். தொடக்கத்தில் விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 1.63 கோடிப் பேர், தேர்வானவர் ஏறத்தாழ 1.06 கோடிப் பேர்.

பணத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். கடையில் அரிசி கிலோ 40 ரூபாய், துவரம் பருப்பு 150, பாமாயில் லிட்டர் 110 என்று வைத்துக்கொள்வோம். ரேஷனில் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் மிச்சம் 800 ரூபாய். பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பதால் மிச்சம் 120. பாமாயில் 25 ரூபாய்க்கு என்பதால் 85. கூட்டினால் 1,005 ரூபாய். உரிமைத் தொகையும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அரிசி கிலோ 50 ரூபாய் ஆகட்டும். அரிசியில் மட்டும் மிச்சம் 1,000 ரூபாயாகிவிடும், மொத்தம் 1,205. உரிமைத் தொகை அப்போதும் அதே 1,000 ரூபாய்தான். பொருளாகத் தருவது விலைவாசியோடு தானே உயர்ந்துகொள்கிறது. பணமாகத் தருவதை ஒவ்வொரு முறையும் சட்டமன்றம் உயர்த்தியாக வேண்டும். மறுபுறம், பணத்தைக் கொண்டு மருந்து வாங்கலாம், பள்ளிக்கூடப் பை வாங்கலாம். ரேஷன் அரிசியைக் கொண்டு அதெல்லாம் முடியாது. வாடகை, சமையல் எரிவாயு, மருத்துவம், கல்வி ஆகிய செலவுகளை ரேஷன் கடை தொடுவதில்லை. இந்தக் கணக்கில் ரேஷன் அரிசியைக் கடை அரிசிக்குச் சமமாக வைத்ததும் சற்றுத் தாராளம்தான். பல வீடுகளில் அது இட்லி மாவுக்குப் போகிறது, சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்குகிறார்கள். வேண்டாத அரிசி கைமாறி கேரளத்துக்குக் கடத்தப்படுவதும் பழைய தொல்லை. அதைப் பிடிப்பதற்கென்றே காவல்துறையில் தனிப் பிரிவு இயங்குகிறது.

26 கிலோ மூட்டை

சட்டம் இயற்றுவோர் விலையைக் குறைக்க மட்டும் முடிவெடுப்பதில்லை. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் ஒன்றிய நிதியமைச்சரோடு எல்லா மாநில அமைச்சர்களும் அமர்கிறார்கள். அதன் முடிவின்படி 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பொதி செய்து முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. அதுவரை பதிவுபெற்ற வணிகப்பெயர் கொண்ட பொதிகளுக்கு மட்டுமே வரி. வணிகர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள், வரி இல்லை! மொத்தமாக 26 கிலோ வாங்க வசதியுள்ள வீடு தப்பித்தது. 5 கிலோ, 10 கிலோ பையாக வாங்கும் வீடு வரி கட்டியது.

எதிர்த் திசையிலும் முடிவுகள் உண்டு. 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை அறிக்கை பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது மதிப்பிடப்பட்டது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 ஜூலையில் தக்காளி விலை 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் சென்றது.

2023 டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிகள் வெள்ளத்தில் சிக்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே தவித்தனர்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாயும், மற்ற வட்டங்களில் 1,000 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்று புதிதாகக் கணக்கெடுக்க நேரமில்லை. வீட்டில் இருந்த தாள்கள் எல்லாம் நனைந்து போயிருந்த நிலையில், எந்தக் குடும்பம் எந்தக் கடையைச் சேர்ந்தது என்ற விவரம் மட்டும் ரேஷன் பதிவில் பத்திரமாக இருந்தது. டோக்கன் கொடுத்து, மாதந்தோறும் அரிசி போடும் அதே கடைகளில் பணத்தை வழங்கினார்கள்.