கூட வேலை செய்யும் தங்கச்சிக்குச் சொல்வோம்: வருடத்துக்கு ஒரு கிராம்



நம் குழுக்களில் பாதிப்பேர் இன்று வயல் வேலையோடு நிற்பதில்லை. நூல் மில்லுக்குப் போகிறோம், பனியன் கம்பெனிக்குப் போகிறோம், கம்பெனி வேனில் விடியற்காலையிலேயே ஏறிவிடுகிறோம். அங்கே நம்மோடு வேலை செய்யும் பெண்களில் பலர் 18, 20 வயதுப் பிள்ளைகள். நம்மை "அக்கா" என்று கூப்பிட்டு, வேலை பழகுவதும் நம்மிடம்தான்.

நமக்குக் குழு இருக்கிறது. சந்தா கட்டுகிறோம், உள்கடன் வாங்குகிறோம், நோட்டில் கணக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பளம் வங்கிக்கு வருகிறது, பத்து நாளில் காலியாகிறது. கொஞ்சம் வீட்டுக்கு, கொஞ்சம் செல்போன் தவணைக்கு, மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. மூன்று வருடம் வேலை செய்தும் தன் பேரில் ஒன்றும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் லைனிலேயே எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பிள்ளைகளைச் சேமிக்க வைப்பது எப்படி? கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கம் வாங்குவது ஒரு வழி. அதை எப்படிச் சரியாகச் செய்வது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஏன் தங்கம்?

பணமாக இருந்தால் கரைந்துவிடும். "அக்கா, ஒரு ஆயிரம் இருக்கா?" என்று யாராவது கேட்பார்கள், கொடுத்துவிடுவோம். ஒரு கிராம் காசை அப்படி உடைத்துக் கொடுக்க முடியாது. சின்ன ஆசைக்குக் கை போகாது, பெரிய அவசரத்துக்கு மட்டும்தான் வெளியே வரும்.

இன்னொன்று, அவசரம் வந்தால் தங்கத்தை வைத்து கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ நகைக்கடன் வாங்கலாம். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டாம். கந்துவட்டியைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாதவர்கள்தான் இன்னும் அங்கே போய் மாட்டுகிறார்கள்.

விலை ஏறுமா?

2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பவுன், அதாவது 8 கிராம், நாலாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025 ஜனவரியில் பவுன் 60 ஆயிரத்தைத் தாண்டியது. அதே வருடம் அக்டோபரில் 90 ஆயிரத்தையும் தாண்டியது. இதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் பிள்ளைகளிடம் முழுசாகச் சொல்ல வேண்டும். தங்கம் இறங்கவும் செய்யும். 2013 ஏப்ரலில் சில நாட்களுக்குள் விலை மளமளவென்று சரிந்தது. உலகச் சந்தையில் 2011-ல் இருந்த உச்ச விலையை மறுபடி தாண்ட 2020 வரை ஆனது. அது மட்டுமில்லை, தங்கம் வட்டி தராது. பெட்டிக்குள் இருக்கிற வரைக்கும் ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் இருக்கும்.

அதனால் "சீக்கிரம் பணக்காரி ஆகலாம்" என்று சொல்லி யாரையும் வாங்க வைக்க வேண்டாம். கடன் வாங்கியோ, அட்சய திருதியை என்று அவசரப்பட்டோ வாங்க வேண்டாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பல வருடம் வைத்திருக்க வாங்குவதுதான் சேமிப்பு.

முதலில் ரொக்கம், பிறகு தங்கம்

காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு போட்டால் சம்பளம் குறையும். அதற்காக மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. எனவே சேமிப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மாதம் 12 ஆயிரம் கைக்கு வரும் பெண் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குக் கொடுத்தது போக 1,550 ரூபாய் எடுத்து வைக்க முடிகிறது.

- 500 ரூபாய் வங்கிச் சேமிப்புக் கணக்கில். வருடக் கடைசியில் 6,000 ரூபாய். இது ஆஸ்பத்திரி, பஸ் செலவு போன்ற சின்ன அவசரத்துக்கு.
- 1,050 ரூபாய் ஒரு வருடத் தொடர் வைப்பில், நாம் ஆர்.டி. என்கிறோமே, அதில். வருடக் கடைசியில் 12,600 ரூபாயும் அதற்கு வட்டியும் வரும். அதை எடுத்துத் தங்கம் வாங்கலாம்.

ஒரு கிராம் 12,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒரு கிராம் காசுக்கு இந்தத் தொகை ஏறக்குறையச் சரியாக வரும். விலை ஏறிவிட்டால் அரை கிராம் வாங்கிவிட்டு மிச்சத்தை அடுத்த வருடக் கணக்கில் சேர்க்கட்டும். எட்டு வருடம் விடாமல் செய்தால் ஒரு பவுன். கொஞ்சமாகத் தெரியலாம். வாரம் 10 ரூபாய், 20 ரூபாய் என்று குழுவில் ஆரம்பித்த நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

காசா, நகையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கணக்கைப் பாருங்கள். கிராம் 12,000 என்றே வைத்து, இரண்டு கிராம் வாங்குகிறோம்.

மோதிரமாக வாங்கினால்: தங்கம் 24,000. செய்கூலி சேதாரம் 15 சதவீதம் என்றால் 3,600. இரண்டும் சேர்ந்து 27,600. அதற்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 828. மொத்தம் 28,428 ரூபாய்.

காசாக வாங்கினால்: தங்கம் 24,000. செய்கூலி 2 சதவீதம் என்றால் 480. இரண்டும் சேர்ந்து 24,480. ஜி.எஸ்.டி. 734. மொத்தம் 25,214 ரூபாய்.

மறுநாளே விற்கப் போனால் இரண்டுக்கும் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், அதாவது அதிகபட்சம் 24,000. மோதிரத்தில் நாலாயிரத்துக்கு மேல் போய்விட்டது. காசில் போனது ஆயிரத்துச் சொச்சம். சேதாரம் கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையும் தங்கத்தோடு சேர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

காசிலும் ஒரு குறை உண்டு. கடையில் வாங்கிய காசை எல்லா வங்கியும் அடகுக்கு எடுப்பதில்லை. வங்கியிலேயே வாங்கிய காசை அதே வங்கி திரும்ப விலைக்கு வாங்காது. எனவே போட்டுக்கொள்ள ஆசை இருந்தால், சில வருடம் காசாகச் சேர்த்துப் பிறகு சேதாரம் குறைந்த எளிய நகையாக மாற்றலாம். அப்போதும் பழைய தங்கத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டுச் செய்யவும்.

வெள்ளிக் கொலுசைப் பல பெண்கள் சேமிப்பு என்று நினைக்கிறார்கள். ஆசைக்கு வாங்கட்டும். ஆனால் கொலுசில் கலப்பு இருக்கும், தேய்மானம் இருக்கும், விற்கும்போது நன்றாகக் கழிப்பார்கள்.

முத்திரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம்

நகையில் மூன்று அடையாளம் இருக்க வேண்டும். ஒன்று, முக்கோண வடிவில் பி.ஐ.எஸ். முத்திரை. இரண்டு, சுத்தத்தின் எண். 22கே916 என்றால் 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 750 என்றால் 18 காரட். மூன்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இதற்கு எச்.யு.ஐ.டி. என்று பெயர். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்தக் குறியீடு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் நகையின் விவரம் வரும். இளம்பெண்கள் நம்மைவிட வேகமாகப் பார்த்துவிடுவார்கள்.

சின்னதாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, ஒரு கிராம் மோதிரம் எல்லாம் இதில் வந்துவிடும். "முத்திரை எங்கேங்க?" என்று கேட்டால் "இதுக்கெல்லாம் வராதும்மா" என்பார்கள். அவர் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் சுத்தம் என்ன என்று நமக்குத் தெரியாமல் போகும். அதனால் ஒரு கிராம் வாங்குகிறவர்கள் எடையும் சுத்தமும் அச்சிட்ட, சீல் பிரிக்காத அட்டையில் உள்ள காசாக, முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்குவது நல்லது. நகை என்றால் 2 கிராம் சேரும் வரை பொறுக்கட்டும்.

எது வாங்கினாலும் பில் வேண்டும். பில்லில் எடை, காரட், செய்கூலி, வரி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். வாங்கிய பெண்ணின் பெயர் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டு பில் ஆகாது.

நகைச்சீட்டு கட்டலாமா?

கடைகளில் மாதாமாதம் பணம் கட்டி 11 மாதம் முடிந்ததும் நகை எடுக்கும் திட்டம் இருக்கிறது. ஏன் 11 மாதம்? முன்பணம் வாங்கி ஒரு வருடத்துக்குள் பொருள் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வந்துவிடும் என்று 2014-ல் வந்த கம்பெனி டெபாசிட் விதிகள் சொல்கின்றன. அதனால்தான் வருடத்துக்குள் முடிக்கிறார்கள்.

சேதாரத்தில் தள்ளுபடி தருவது இதில் உள்ள நன்மை. ஆனால் கடை மூடிவிட்டால் பணத்துக்குக் காப்பீடு கிடையாது. வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கியே நொடித்தாலும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டு நடத்திக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்களின் கதை தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடந்ததுதான். அப்படி நடந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் பணம் திரும்ப வர வருடக்கணக்கில் ஆகிறது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை: மாதாமாதம் தங்கமாக வரவு வைப்பார்களா, பணமாகவா? சேதாரம் எத்தனை சதவீதம் வரை இலவசம்? காசு எடுக்கலாமா, நகைதானா? நடுவில் நிறுத்தினால் பணம் கிடைக்குமா? பதிலை எழுதிக் கொடுக்காத கடையில் சேர வேண்டாம்.

செல்போனில் பத்து ரூபாய்க்கும் 'டிஜிட்டல் தங்கம்' வாங்கலாம் என்று விளம்பரம் வருகிறது. இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

அது யாருடைய தங்கம்?

சேர்ப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். பெண் வாங்கிய இரண்டு கிராம் அண்ணன் பைக்குக்கு அடகு போகும், மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் "கல்யாணத்துக்குத்தானே சேர்க்கிறா" என்று மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 சட்டப்படி குற்றம். பெண்ணின் சீதனம் அவளுக்கே முழு உரிமை, கணவருக்கு அதில் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒரு வழக்கில் மறுபடியும் சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமையைக் காட்ட ஆதாரம் வேண்டும். தன் பெயரில் பில், நகையின் போட்டோ, அடகு வைத்தால் தன் பெயரிலேயே ரசீது. இந்த மூன்றையும் பழக்கமாக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு உதவ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுக்கட்டும், எழுதி வைக்கட்டும் என்கிறோம். இதைப் பெற்றவர்களிடமும் பேச வேண்டும். அந்தத் தாய்மார்களில் பலர் நம் குழுக்களில்தான் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியதும் கூடாததும்

1. பிள்ளையின் பணத்தை நம் கையில் வாங்க வேண்டாம். வங்கிக்கு அவளே போகட்டும், முதல் தடவை நாம் துணைக்குப் போவோம்.
2. எந்தக் கடைக்கும் ஏஜெண்ட் ஆக வேண்டாம். கமிஷனுக்காகச் சேர்த்துவிட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.
3. கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டில் கடன் இருந்தால் முதலில் வட்டி கூடிய கடனை அடைக்கட்டும்.
4. சம்பளம் வந்த அன்றே ஆர்.டி. பணம் தானாகப் பிடிக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுக்க உதவுவோம்.
5. கடையில் ஏமாற்றம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நகையை வீட்டில் பிடுங்கித் துன்புறுத்தினால் பெண்கள் உதவி எண் 181.

குழுக் கூட்டத்தில் பேச:

- நம் கம்பெனியில், நம் லைனில் 25 வயதுக்குக் கீழ் எத்தனை பெண்கள்? அவர்களில் எத்தனை பேர் பெயரில் சேமிப்பு இருக்கிறது?
- நம் வீட்டு நகைகளில் பில் உள்ளவை எத்தனை? அவை யார் பெயரில் இருக்கின்றன?
- இந்த மாதம் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணிடம் பேச முடியுமா?

ஊக்குநர்கள் இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, முடிவைத் தீர்மான நோட்டில் எழுதவும். யாரிடம் பேசினோம், ஆர்.டி. ஆரம்பித்தாளா என்பதை அடுத்த கூட்டத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.