கடற்கரை உல்லாசத் தலமும் சுற்றுக் கிராமங்களும்

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரே கேள்வி பல வடிவில் நம்மை எதிர்கொள்கிறது. "ஊர் வளர்கிறது, சாலையில் வண்டி நிறுத்த இடமில்லை, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு விடுதியில் அறை பெருக்கும் வேலைதானே கிடைக்கிறது? எங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஏன் கரிக்கிறது?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வி நியாயமானதே. இதற்கு ஆறுதல் மொழிகள் கூறிவிட்டு வருவது எளிது. ஆயினும் ஓர் உல்லாசத் தலத்தின் பணம் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போய்விடுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை விளக்குவதே நம் கடமை எனக் கருதுகிறோம்.

பல்லவர் காலத்துக் கோயில்களும் சிற்பங்களும் நிறைந்த மாமல்லபுரம் 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கு வசித்தோர் ஏறத்தாழ 15,000 பேரே. இச்சிற்றூரில்தான் 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தனர். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றபின் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரலாம். விடுமுறை நாள்களில், அதிலும் காணும் பொங்கலன்று, ஊரின் ஜனத்தொகையைப்போல் பன்மடங்கு மக்கள் ஒரே பகலில் வந்து திரும்புகின்றனர்.

காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணி ஊருக்கு விட்டுச் செல்வது என்ன? கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண இந்தியர் 40 ரூபாயும் வெளிநாட்டார் 600 ரூபாயும் செலுத்தும் நுழைவுக் கட்டணம் தொல்லியல் துறை வழியே மத்திய அரசைச் சேர்கிறது. மீதி ஒரு வேளைச் சாப்பாடு, ஓர் இளநீர், ஒரு சங்கு மாலை, வண்டி நிறுத்தக் கட்டணம், அத்துடன் ஒரு கூடைக் குப்பை. இரவு தங்கும் பயணியின் நிலை வேறு. அவருக்குப் பால் வேண்டும், கீரை வேண்டும், மீன் வேண்டும், வெளுத்த துணி வேண்டும், வழிகாட்டியும் வாடகை வண்டியும் வேண்டும். ஆகவே வருவோர் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்வதைவிடத் தங்குவோர் எண்ணிக்கையைக் கவனிப்பதே கிராமத்தாருக்குப் பயன் தரும்.

ஆனால் விடுதிகளின் சமையலறைக்குள் செல்லும் காய்கறியில் பெரும்பங்கு கோயம்பேட்டிலிருந்து லாரியில் வருகிறது. பக்கத்து வயலில் வெண்டையும் கத்தரியும் காய்த்துக் கிடக்க, இவ்விந்தை ஏன் நிகழ்கிறது என்று நாம் சில விடுதிக்காரர்களை விசாரித்தோம். விலை காரணமன்று. அவர்கள் வேண்டுவது நாள்தோறும் தவறாத அளவு, ஒரே தரம், மாத முடிவில் ஒரே பில். தனி விவசாயி ஒருவர் இதைத் தருவது கடினம். பத்துப் பதினைந்து விவசாயிகள், அல்லது ஒரு மகளிர் சுய உதவிக் குழு, முறை வைத்துச் சாகுபடி செய்து ஒரே பெயரில் கொடுத்தால் இது முடியும். கீரையும் முருங்கைக்காயும் இளநீரும் இதற்கு ஏற்றவை. இவற்றை நெடுந்தூரம் சுமந்து வந்து லாபம் காண்பது லாரிக்காரருக்கே கடினம்.

கடை வைப்போருக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் ஆண்டு முழுவதும் ஒரேவிதமாக இராது. டிசம்பரும் ஜனவரியும் அறுவடைக் காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் கடைத்தெரு ஈயாடும். டிசம்பர்க் கூட்டத்தை நம்பி வட்டிக்கு வாங்கிச் சரக்கு நிரப்புவோர், ஒரு புயல் குறுக்கிட்டால் தை மாதம் முழுவதும் வட்டியே கட்டுகின்றனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டபோது, கடையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். இரண்டு கறவை மாடும் அரை ஏக்கர் நிலமும் கைவிடாது வைத்திருந்தவர்கள் ஒருவாறு சமாளித்தனர்.

உணவுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று தேவை. வீட்டில் ஓரிரு அறைகளைப் பயணிகளுக்கு விட விரும்புவோர், குடும்பத்தார் அவ்வீட்டிலேயே வசித்தால், சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாட்டாரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இதனை அறியாமல் சிக்கலுக்கு உள்ளானோர் உண்டு.

நிலம் விற்பது பற்றி

இனி நிலத்துக்கு வருவோம். சாலையோரச் சவுக்குத் தோப்புக்கும் வேர்க்கடலைக் கொல்லைக்கும் தரகர்கள் கூறும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். விற்பது தவறென்று கூற நமக்கு உரிமையில்லை. பெண்ணின் கல்யாணமும் பையனின் படிப்பும் காத்திருக்கும்போது கொல்லையைக் கட்டிக்கொண்டு அழு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தெரிந்த ஒருவர் தம் மூன்று ஏக்கர் நிலத்தையும் ஒரே கிரயத்தில் கொடுத்தார். வீடு கட்டினார், கார் வாங்கினார், கடன் கேட்டோருக்கெல்லாம் கொடுத்தார். ஏழாண்டுகளுக்குப்பின் அந்நிலத்திலே எழுந்த விடுதியின் வாயிலில் காவல் உத்தியோகத்தில் அமர்ந்திருந்தார். "என் கிணறு உள்ளேதான் இருக்கிறது, ஐயா, ஆனால் குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்" என்று அவர் சொன்னதை நம்மால் மறக்க முடியவில்லை.

விற்பதற்கு முன் குத்தகை என்ற வழியையும் ஆராய வேண்டும். குறித்த ஆண்டுகளுக்கு, வாடகை உயர்வும் நிலத்தைத் திருப்பும் நிபந்தனையும் தெளிவாக எழுதி, பதிவு செய்த தஸ்தாவேஜின் மூலம் கொடுத்தால் நிலம் குடும்பத்திலேயே நிற்கும். வெறும் கைச்சீட்டு உதவாது.

மனைப் பிரிவுகள் விஷயத்தில் பஞ்சாயத்து விழிப்பாயிருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தபோது, சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவர்கள் பத்திர அலுவலகத்துக்கும் பஞ்சாயத்துக்குமாக அலைந்தனர். முறைப்படி அங்கீகரிக்கப்படும் மனைப் பிரிவில் சாலைகளும், சட்டம் கோரும் பொது இடமும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியின் கைக்கு வரும். அங்கீகாரமில்லாத பிரிவில் சாலை பெயரளவில்தான் இருக்கும். பின்னர் தெருவிளக்கும் குழாயும் கேட்டு மனைக்காரர்கள் பஞ்சாயத்தின் கதவைத் தட்டுவர். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்பது 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்து, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. அதன்படி உயர் அலைக் கோட்டையொட்டிய நிலத்தில் கட்டடங்களுக்குப் பல தடைகள் உள்ளன. வாங்குவோரும் விற்போரும் முன்பணம் கைமாறுமுன் அரசின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிணறு ஏன் கரிக்கிறது?

இதுவே நம் கட்டுரையின் உயிர்ப் பகுதி. ஆதலின் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

கடலோர மணலில் பெய்யும் மழை கீழிறங்கி, உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிடச் சிறிதளவே கனமானது. நல்ல நீரின் எடை 1,000 பங்கென்றால் கடல் நீர் ஏறத்தாழ 1,025 பங்கு. இச்சிறு வேறுபாட்டினால் வியப்பான விளைவு உண்டாகிறது. நிலத்தடி நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நல்ல நீர் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுப் பொறியாளர் கைபனும், சில ஆண்டுகளுக்குப்பின் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டாரை ஓயாமல் ஓட்டி மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி ஏறி வரும். ஒரே நாளில் ஏறாது. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். முதல் ஆண்டில் தண்ணீர் இனிக்கும், இரண்டாம் ஆண்டில் சோப்பு நுரைக்காது, மூன்றாம் ஆண்டில் வேர்க்கடலை இலையின் ஓரம் கருகும். ஆழ்குழாயை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல நீர் கிடைக்கும் என்பது மேட்டு நிலத்து அனுபவம். கடலோர மணலில் ஆழம் செல்லச் செல்ல உப்பைத்தான் நெருங்குகிறோம். நம் பாட்டனார் ஏற்றம் கட்டி இறைத்த நாளில் மனிதனின் தோள் வலியே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மோட்டாருக்குத் தோள் வலிப்பதில்லை.

ஒரு விடுதி நூறு அறைகளுக்கும் நீச்சல் குளத்துக்கும் புல்வெளிக்கும் நீர் எடுத்தால், அடுத்துள்ள கிணறுகள் அவ்வேலியை அறியா. தண்ணீர் லாரிக்கு நீர் விற்கும் விவசாயியும் இக்கணக்கில் சேர்ந்தவரே என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. ஆயினும் அது சென்னை நகரின் தேவைக்கென அமைந்தது. நம் கிணறுகளை அது காக்கும் என்று இருந்துவிடலாகாது.

மணல் மேடுகளைச் சமன் செய்து மனையாக்குவதும் கேடு. மேடு என்பது மழை நீரைத் தாங்கும் தொட்டி. அதன் உயரமே உப்பு நீரைக் கீழே அழுத்தி நிற்கிறது. ஏரி குட்டைகளைத் தூர் வாருவதும், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைய வேண்டுமென்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தை விடுதிகளில் நேரில் சென்று சரிபார்ப்பதும் பஞ்சாயத்தால் ஆகக்கூடியவை. மணலில் கழிவு நீர் வெகு விரைவாகப் பரவுமாதலின், கழிவுத் தொட்டி கிணற்றுக்கு அருகில் அமைவதையும், கழிவு லாரிகள் இரவில் பக்கிங்காம் கால்வாயோரம் கொட்டிச் செல்வதையும் கண்டும் காணாமலிருத்தல் கூடாது.

மீனவர் கிராமங்களின் குறையும் இத்தகையதே. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கரைவலை இழுக்கவும் கடற்கரையே அவர்களுக்குக் களம். களத்தில் நாற்காலியும் குடையும் போட்டுவிட்டு, வலை நாறுகிறது என்று பயணிகள் முகம் சுளிப்பதாகப் புகார் சொல்லும் விடுதிக்காரரை நாம் சந்தித்திருக்கிறோம். அவர் உணவுப் பட்டியலில் முதல் வரி வறுத்த வஞ்சிரம்.

சிற்பக் கூடங்களில் வேலைக்குச் செல்லும் இளைஞரைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்தாலும், 2017-இல் கிடைத்த புவிசார் குறியீட்டாலும் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு நாடெங்கும் மதிப்புண்டு. உளி வேலையில் எழாத அளவு தூசி மின்சார அறுப்பு இயந்திரத்தில் எழுகிறது. கருங்கல் தூசி நுரையீரலில் படிந்தால் நீங்காது. நீர் தெளித்து அறுக்கவும் தக்க முகமூடி அணியவும் கூட உரிமையாளர்களைப் பெற்றோர் வற்புறுத்தல் வேண்டும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஒவ்வொரு பஞ்சாயத்தும் கடற்கரைப் பக்கம் இரண்டும் மேற்கே இரண்டுமாக நான்கு கிணறுகளைக் குறித்துக்கொண்டு, மாதந்தோறும் முதல் தேதியில் நீர்மட்டத்தை அளந்து எழுதிவரலாம். ஆண்டுக்கு இருமுறை அந்நீரை வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். இதற்கு அடிக்கணக்கு முடிச்சிட்ட ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அடுத்த மார்ச் 22 கூட்டத்துக்கு அந்நோட்டுப் புத்தகத்தை உறுப்பினர்கள் கையோடு எடுத்துவர வேண்டுகிறோம். ஆழ்குழாய்க் கிணறுகளைப்பற்றி விடுதிக்காரர்களுடன் பேச அன்று நாமும் வருவோம்.