அடுத்த பிரசவத்திற்கான வகுப்பும் துணையும்

மீண்டும் கருவுற்றிருக்கும் நீங்கள், பேறுகால வகுப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை. வலியைத் தாங்குவதோ, தாய்ப்பால் புகட்டுவதோ, சென்ற முறை எது கடினமாக இருந்ததோ அதற்கு நேரம் ஒதுக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய பிரசவம் அறுவைச் சிகிச்சையாக இருந்திருப்பின், இம்முறை சுகப்பிரசவத்திற்கு முயலலாமா என்பதை வகுப்பில் அன்று, மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மாதந்தோறும் 9ஆம் நாள் நடைபெறும் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் பழைய மருத்துவக் குறிப்புகளுடன் செல்லுங்கள்.

இரண்டாம் பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட விரைவில் முடியும். ஆதலால், எவ்வளவு அன்பு மிக்கவராயினும் வெளியூரில் இருப்பவரைவிட, அழைத்தவுடன் வரக்கூடியவரே ஏற்ற துணை. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையில் ஒரு துணையை அனுமதிக்க 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அவர் உறவுப் பெண்ணாகவும், இயன்றவரை பிரசவ அனுபவம் உள்ளவராகவும், தொற்றுநோய் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். பிற பெண்களின் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவரும் உடனிருக்கலாம்.

துணையாக வருபவர் இறுதிவரை உங்களுடன் இருக்க வேண்டியவர். மூத்த குழந்தையையும் அவரிடமே ஒப்படைக்க இயலாது. அதற்கு வேறொருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். குழந்தை அவர் வீட்டில் இரண்டொரு இரவு தங்கிப் பழகியிருப்பது நலம்.