அளவுகோலுக்கு அடங்காத போர்வை

உதகமண்டலத்தில் விற்பனைச் சங்கமொன்றின் இருப்பைச் சரிபார்த்தபோது, தோடர் போர்வை ஒன்றைப் ‘பூவேலைத் துணி, இத்தனை மீட்டர்’ என்று பதிவேட்டில் குறித்தோம். அருகே இருந்த தோடர் மூதாட்டியார், “இதைத் துணி என்றா எழுதுகிறீர்கள், ஐயா?” என்றார். அப்போது நம்மிடம் விடை இல்லை.

பூத்துக்குளி எனப்படும் அப்போர்வைக்கு வேண்டிய முரட்டு வெள்ளைத் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்தே வாங்குகிறார்கள். அதன்மேல் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் வேலை செய்கிறார்கள். வரைபடம் இல்லை, சட்டம் இல்லை. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணி எண்ணியே ஊசி செல்கிறது. எருமைக் கொம்பும் பூவும் புடைப்பாக எழும்புகின்றன. இருபுறமும் உடுத்தத் தக்கது.

உடலின்மேல் ஏறிய பின்னரே அதற்கு உருவம் உண்டாகிறது. தோடர்க்குப் பால்மனையே கோயில். அதன்முன் போர்வையை விலக்கி வலக்கரத்தைத் திறந்து காட்டுவது மரியாதை. 1901-02-இல் இங்கு வந்து ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞரும் இதனைப் பதிந்துள்ளார். இறந்தோரையும் பூவேலைப் போர்வையிலேயே பொதிந்து அனுப்புகிறார்கள். மூதாட்டியாரின் வினாவுக்குப் பொருள் இதுதான் என்று பின்னரே விளங்கிற்று.

நூலையே சிற்பமாக்கியவர்கள் வேறிடத்திலும் உண்டு. மும்பையில் 1949-இல் பிறந்த மிருணாளினி முகர்ஜி, சாயமேற்றிய நார்க்கயிற்றை முடிச்சிட்டு, ‘யக்ஷி’ முதலான பேருருவங்களைச் செய்தார். அவரும் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லையாம். 2015-இல் அவர் மறைந்தார். 2019-இல் நியூயார்க் அருங்காட்சியகம் அவர் படைப்புகளுக்குத் தனிக் காட்சி வைத்தது. அக்கயிற்றை எவரும் மீட்டர் கணக்கில் விலை பேசவில்லை!

தோடர்கள் சுமார் 2,000 பேரே. 2013-இல் அவர்களுடைய பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. இயந்திரத் தையலில் வரும் போலியைக் கடையில் கண்டோர், விலை மலிவென்று மகிழ்ந்து வாங்கிச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறுவானேன்? அசலின் விலைச்சீட்டில் உழைத்த நாட்கள் எழுதப்படுவதில்லையே. கைப்பையும் பணப்பையும் செய்து விற்பதை நாம் குறை கூறவில்லை. அடுப்பெரிய அதுவும் வேண்டும். ஆனால் பெரும் போர்வைக்கு மாதக்கணக்கில் உழைப்பவருக்கும் சிறு பைக்கு உழைப்பவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

அடுத்த தணிக்கையில் ‘பூத்துக்குளி, ஒன்று’ என்று திருத்தி, வேலை நாட்களுக்குப் பதிவேட்டில் தனிப் பத்தியும் கோடிட்டுக் கொடுத்தோம். சென்ற மாதம் பார்த்தபோது அதில் மூன்று வரிகள் நிரம்பியிருந்தன.