உருவமும் போர்த்திறனும்

வடலூருக்குக் கிழக்கே வங்கக் கடலோரம் அமைந்த ஊர் பரங்கிப்பேட்டை. அங்கு 1781 ஜூலை 1 அன்று, ஐதர் அலியின் பெரும்படையை அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயரின் சிறுபடை வென்றது. அரண் செய்யப்பட்ட முகப்பைத் தவிர்த்து, கடலோர மணல்மேடுகளின் மறைவில் சென்று பக்கவாட்டில் தாக்கியது அவ்வெற்றிக்கு வழிவகுத்தது. படையின் பெருக்கம் மட்டுமே வெற்றி தராது என்பது இதனால் விளங்கும். தனிமனிதர் பொரும்போதும் உடலின் பெருக்கம் அவ்வாறுதானா?

ஆமூர் மல்லனைப் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். புலவர் மல்லனின் வலிமையை மறைக்கவில்லை. ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனது சூழ்ச்சியைத் தடுத்த கிள்ளியின் திறத்தையும் காட்டுகிறார். வலிமையோடு பிடியின் நுட்பமும் வெற்றிக்கு வேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர்.

இதன் காரணத்தை அறிவியல் விளக்குகிறது. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. எடையோ உடலின் பருமனைச் சார்ந்தது. ஓர் உடல் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால், வலிமை நான்கு மடங்காகும். எடை எட்டு மடங்காகும். எனவே, பெரியவர் மிகுந்த வலிமை உடையவராயினும், சிறியவர் தம் எடையை எளிதில் இயக்குவார். சிலம்பத்தில் இவ்வியக்கமே பெருந்துணை. கம்பின் எடை பாதியாகி வேகம் இரு மடங்கானால், அதன் இயக்க ஆற்றல் இரு மடங்காகும்.

ஆயினும், உருவம் பொருட்டன்று எனக் கூறுதல் பொருந்தாது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடைவாரியான மூன்று பிரிவுகளிலும் ஜப்பானியரே வென்றனர். எடை வரம்பற்ற பிரிவிலோ, 1.98 மீட்டர் உயரமுடைய நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் காமினாகாவை வென்றார். கீசிங்க் ஜப்பானுக்கே சென்று பயின்றவர். அவரிடம் உருவமும் பயிற்சியும் ஒன்றுசேர்ந்திருந்தன.

திறன் நிகராக உள்ள இருவருள் பெரியவருக்கே வாய்ப்பு மிகுதி. குத்துச்சண்டை, மற்போர், ஜூடோ ஆகியவற்றில் எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்டதன் காரணம் இதுவே. அவை சிறியவரை இழிவுபடுத்துவன அல்ல. அவரைக் காயத்திலிருந்து காத்து, அவர்தம் திறனை வெளிப்படுத்த வாய்ப்பளிப்பன. உடலின் உயரத்தை ஒருவர் தாமே தேர்ந்துகொள்ள இயலாது. பயிற்சியைத் தேர்ந்துகொள்ள இயலும். ஆகவே, மெலிந்த உடலைக் கண்டு ஒரு மாணவரைக் களத்திலிருந்து விலக்குவதும், பருத்த உடலை நம்பிப் பயிற்சியைக் கைவிடுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும்.