உறிஞ்சப்படும் மஞ்சள்

சமையல் மஞ்சளில் அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அதுவும் தண்ணீரில் சரியாகக் கரையாது. உள்ளே போன கொஞ்சத்தையும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். குழம்பு மஞ்சளைப் பற்றி எனக்குப் பயமில்லை. என் கவலையெல்லாம் 'பல மடங்கு உறிஞ்சப்படும்' என்று விற்கும் காப்ஸ்யூல்கள்தான்.

குர்குமினை ரத்தத்தில் சேர்க்க ஆய்வுக்கூடங்களில் ஒரு நல்ல வழி முயற்சிக்கப்படுகிறது. பி.எல்.ஜி.ஏ. என்னும் பாலிமரில் அதைப் பொதிந்து நுண்துகள்களாக்குகிறார்கள். அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் போடுவார்களே, அந்த வகைப் பொருள் இது. உடலின் ஈரம் பட்டு மெல்ல லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் பிரியும். உள்ளிருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரான் டெப்போ ஊசி இப்படிப்பட்ட நுண்துகள்களோடு 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எத்தனை நாளில் எவ்வளவு மருந்து வெளியேறுகிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டிய பிறகே அந்த அனுமதி கிடைத்தது. துணை உணவாக விற்கும் மஞ்சள் காப்ஸ்யூல் இந்தப் படியெல்லாம் ஏறி வர வேண்டியதில்லை.

கடைச் சரக்கில் பெரும்பாலும் மிளகின் பிப்பெரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின் கொடுத்தால் ரத்தத்தில் சேர்வது 20 மடங்காகிறது என்று 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. விளம்பரங்கள் கொண்டாடும் அந்த 20 மடங்கைக் கல்லீரலும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்கள் மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்தார்கள். ஐவர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அது தன்னிடம் இருக்கிறதா என்று நம்மில் யாருக்குத் தெரியும்? ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் எச்சரித்தது. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்தின் அளவையும் பிப்பெரின் ரத்தத்தில் கூட்டிவிடும்.

கண் மஞ்சளித்தால், சிறுநீர் கருத்தால், உடம்பு அரித்தால், பசி செத்தால் காப்ஸ்யூலை அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டப்பாவையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

துணை உணவு டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரியை அச்சடித்துக்கொண்டே சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம். பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் புகாருக்கு 1915. இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.